எந்தக் கோட்டைச் சுற்றி?

போன வாரம் இரண்டாவது இன்டர்னல் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். பாடம் எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ். சுவரிலிருந்து நீளும் ஒரு தண்டை இரண்டு கயிறுகள் தாங்கிப் பிடிக்கும் 13 மதிப்பெண் கேள்விக்கு ஒரு மாணவி இரண்டரைப் பக்கம் எழுதியிருந்தாள். முத்து முத்தான கையெழுத்து. ஆறு சமன்பாடுகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசையாக நின்றன. கடைசியில் பெட்டி கட்டி விடை: ஒரு கயிற்றின் இழுவிசை −600 நியூட்டன், இன்னொன்றின் இழுவிசை −300 நியூட்டன்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு, "கண்ணு, கயிறு தள்ளுமா?" என்று கேட்டேன்.

தாளைப் பார்த்தாள். "தள்ளாதுங்க சார். இழுக்கத்தான் செய்யும்."

"அப்போ இந்த மைனஸ் என்ன சொல்லுது?"

முகம் வாடிவிட்டது. பாவம், கூட்டல் கழித்தலில் ஒரு பிழை கூட அவள் விடவில்லை. முதல் வரியிலேயே கயிற்றின் திசையைச் சுவரிலிருந்து தண்டை நோக்கி எழுதிவிட்டாள். கயிறு தண்டின் மேல் செலுத்தும் விசையோ தண்டிலிருந்து சுவரை நோக்கிப் போக வேண்டும். அந்த ஒரு அம்புக்குறி திரும்பியதால் இரண்டரைப் பக்கமும் திரும்பிவிட்டது.

பொள்ளாச்சிப் பக்கம் 14 வருடமாக இந்தப் பாடம் எடுக்கிறேன். முப்பரிமாணச் சமநிலைக் கணக்கு என்றாலே பிள்ளைகள் பயப்படுகிறார்கள். பழைய பாடத்திட்டத்தில் அது இரண்டாம் அலகின் கடைசி வரி. அங்கே வந்து சேரும்போது நேரம் இருக்காது. "ஆறு சமன்பாடு எழுது, தீர்த்துடு" என்று சொல்லி முடித்துவிடுவோம். நானும் முதல் சில வருடங்கள் அப்படித்தான் முடித்தேன். அது தப்பு என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். ஆறு சமன்பாடுகளை எழுதுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் கண்ணால் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

அவளுக்கு வந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். சுவருக்குச் செங்குத்தாக, கிடைமட்டமாக வெளியே நீண்டிருக்கும் 4 மீட்டர் தண்டு. சுவரில் பொருந்தும் முனை அ, வெளி நுனி ஆ. அ-வில் பந்துக் கிண்ண மூட்டு. ஆ-விலிருந்து இரண்டு கயிறுகள் சுவருக்குப் போகின்றன. ஒன்று இ என்ற புள்ளிக்கு. அது சுவரைப் பார்த்து நின்றால் அ-வுக்கு வலப்பக்கம் 2 மீட்டர், மேலே 4 மீட்டர். இன்னொன்று ஈ என்ற புள்ளிக்கு. அது இடப்பக்கம் 4 மீட்டர், மேலே 2 மீட்டர். தண்டின் நட்டநடுவில் 1000 நியூட்டன் தொங்குகிறது, ஏறக்குறைய 100 கிலோ. தண்டின் எடையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இரண்டு கயிறுகளின் இழுவிசை என்ன, மூட்டின் எதிர்விசை என்ன?

முதல் வேலை ஃப்ரீ பாடி டயகிராம். பள்ளிப் புத்தகத்தில் தனித்த பொருளின் விசைப்படம் என்று வரும். அந்தத் 'தனித்த' என்ற சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சுவரை அழித்துவிட வேண்டும். கயிற்றை அறுத்துவிட வேண்டும். தண்டு மட்டும் அந்தரத்தில் நிற்கும். அழித்த இடத்திலெல்லாம், அங்கே இருந்தது என்ன செய்துகொண்டிருந்ததோ அதை அம்புக்குறியாகப் போட வேண்டும். அம்புக்குறி எத்தனை என்பதில்தான் பிள்ளைகள் குழம்புகிறார்கள். நான் சொல்லிக்கொடுப்பது ஒரே கேள்வி: இந்தத் தாங்கி எந்த அசைவைத் தடுக்கிறது? நகர்வைத் தடுத்தால் அங்கே ஒரு விசை. சுழற்சியைத் தடுத்தால் அங்கே ஒரு திருப்புத்திறன், அதாவது ஒரு அச்சைச் சுற்றித் திருப்பப் பார்க்கும் வலு. தடுக்காவிட்டால் ஒன்றும் இல்லை.

பந்துக் கிண்ண மூட்டு என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளை கூட தோள்பட்டையைக் காட்டும். கையை எப்படி வேண்டுமானாலும் சுழற்றலாம், ஆனால் கை தோளை விட்டுக் கழன்று போகாது. அப்படியானால் மூன்று திசை நகர்வும் தடுக்கப்படுகிறது, சுழற்சி எதுவும் தடுக்கப்படவில்லை. மூன்று அறியாத விசைகள். கயிறு தன் நீளத்தில் ஒரே ஒரு நகர்வைத்தான் தடுக்கும், அதனால் ஆளுக்கு ஒன்று. மொத்தம் ஐந்து.

கீல் கொஞ்சம் சிக்கல். ஒற்றைக் கீலை மட்டும் பார்த்தால் மூன்று நகர்வையும் இரண்டு சுழற்சியையும் தடுக்கிறது, ஆகவே ஐந்து அறியாதவை. ஒரு கதவில் இரண்டு கீல் என்றால் பத்து ஆகிவிடும், ஆறு சமன்பாட்டில் தீராது. ஆனால் ஒரே நேர்கோட்டில் இரண்டு கீல் இருக்கும்போது கதவு சாயாமல் பார்த்துக்கொள்வது அந்த இரண்டு விசைகளின் ஜோடிதான். தனித்தனிக் கீலின் திருப்புத்திறன் அங்கே பேச வேண்டிய அளவுக்கு வேலை செய்வதில்லை. அதனால்தான் புத்தகங்கள் "கீல்கள் விசை மட்டும் தருகின்றன" என்று எடுத்துக்கொள்ளச் சொல்கின்றன. எங்கள் வீட்டுக்குக் கதவு மாட்டிய ஆசாரி இதை வேறு மாதிரி சொன்னார்: "மேல் கீலுக்கு நீள ஸ்க்ரூ போடணுங்க, அதுதான் முதல்ல புடுங்கிட்டு வரும்." 30 கிலோ கதவு, அகலம் 90 சென்டிமீட்டர், கீல்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர் என்று வைத்துப் போட்டால் மேல் கீலைக் கதவு 9 கிலோ அளவுக்கு வெளியே இழுக்கிறது, கீழ்க் கீலை அதே அளவுக்கு நிலைக்குள் தள்ளுகிறது. ஆசாரி சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

தண்டுக்கு வருவோம். அன்று மாலை அந்த மாணவியோடு இன்னும் நாலு பேர் இருந்தார்கள். கரும்பலகையை விட்டுவிட்டு ஒரு துடைப்பக் குச்சியை எடுத்தோம், 80 சென்டிமீட்டருக்கு அளந்து வெட்டினோம். கணக்கில் 4 மீட்டர், எங்களுக்கு 80. எல்லா அளவும் ஐந்தில் ஒரு பங்கு. குச்சியின் ஒரு முனையில் பழைய டென்னிஸ் பந்தைத் துளைத்துச் செருகி, அந்தப் பந்தை ஒரு கொட்டாங்குச்சிக்குள் உட்கார வைத்தோம். கொட்டாங்குச்சியை ஒரு பையன் ஜன்னல் கிரில்லோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டான். நைலான் கயிறு இரண்டு, கிரில்லில் அளந்து கட்டிய இடம் வரை ஒவ்வொன்றும் 120 சென்டிமீட்டர். பெட்டிகளின் எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்றை ஒவ்வொரு கயிற்றிலும் கோத்தோம். குச்சியின் நடுவில் 2 லிட்டர் தண்ணீர் பாட்டில்.

கணக்குப்படி வலது கயிற்றில் 1.2 கிலோ, இடது கயிற்றில் 0.6 கிலோ வர வேண்டும். தராசு காட்டியது 1.4, 0.7. ஒருவன் உடனே தராசு தப்பு என்றான். அவள்தான் கொஞ்ச நேரம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டு, "சார், குச்சிக்கு எடை இருக்குல்ல?" என்றாள். குச்சியைக் கழற்றித் தராசில் போட்டோம். பந்தோடு சேர்த்து 300 கிராம். பந்து மூட்டிலேயே இருப்பதால் அதன் எடையைக் கொட்டாங்குச்சி பார்த்துக்கொள்ளும், ஆனால் அது லேசானது. 2.3 கிலோ என்று வைத்துப் போட்டால் 1.38, 0.69. அந்த நிமிடம் அவள் முகத்தில் வந்த வெளிச்சத்துக்காகத்தான் நான் இந்த வேலையில் இருக்கிறேன்.

கொட்டாங்குச்சியைப் பிடித்திருந்தவனிடம், "உனக்கு என்ன தெரியுது?" என்று கேட்டேன். "உள்ள தள்ளுதுங்க சார். கீழயும் இழுக்குது. சைடுல ஒண்ணுமில்ல." மூட்டின் மூன்று விசைக் கூறுகளையும் உள்ளங்கையால் வாசித்துவிட்டான். பெரிய கணக்கில் அதன் விடை: சுவரிலிருந்து வெளிநோக்கி 600 நியூட்டன், மேல்நோக்கி 500 நியூட்டன், பக்கவாட்டில் பூஜ்யம்.

இனி சமன்பாடு. ஆறு ஏன் என்று கேட்காமலேயே பலர் பொறியாளர் ஆகிவிடுகிறார்கள். பிரான்சின் லூயி புவான்சோ 1803-ல் வெளியிட்ட நிலையியல் நூலில் 'இரட்டை' (ஒரே அளவில், எதிரெதிர்த் திசையில், வெவ்வேறு இணைகோடுகளில் நின்று பொருளைச் சுழற்றும் இரண்டு விசைகள்) என்ற கருத்தை முறையாக நிறுவினார். ஒரு திண்பொருளின் மேல் எத்தனை விசைகள் எங்கெங்கே இருந்தாலும், கடைசியில் ஒரு விசையும் ஒரு இரட்டையுமாகச் சுருக்கிவிடலாம். இரண்டும் பூஜ்யமானால் பொருள் சமநிலையில் இருக்கும். விசைக்கு மூன்று கூறு, இரட்டைக்கு மூன்று கூறு, ஆக ஆறு. அப்போது அவருக்கு வயது 26 என்று வகுப்பில் சொல்வேன். பின்வரிசையில் சிலர் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சரி, ஆறு இருக்கிறது என்பதற்காக ஆறையும் ஒன்றாகப் பிடித்து மல்லுக்கட்ட வேண்டுமா? இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம்.

ஒரு விசையின் கோடு ஒரு அச்சைத் தொட்டுக்கொண்டு போனாலோ, அதற்கு இணையாகப் போனாலோ, அந்த அச்சைச் சுற்றி அந்த விசைக்குத் திருப்புத்திறன் கிடையாது. கதவைக் கீல் ஓரத்திலேயே தள்ளிப் பாருங்கள், திறக்காது. ஆகவே எனக்கு வேண்டாத விசைகளெல்லாம் தொடுகிற ஒரு கோடு கிடைத்தால், அதைச் சுற்றி எழுதும் ஒரே சமன்பாட்டில் அவை எல்லாம் காணாமல் போகும். அந்தக் கோடு முன்பக்கம், வலப்பக்கம், மேல்பக்கம் என்று போட்ட மூன்று அச்சுகளில் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சாய்வாக இருக்கலாம், பொருளுக்கு வெளியே இருக்கலாம்.

நம் கணக்கில் வலது கயிற்றின் இழுவிசை மட்டும் வேண்டும். மற்ற நான்கு அறியாதவை எங்கே? மூன்று அ-வில். ஒன்று ஈ-க்குப் போகும் கயிற்றில். அப்படியானால் அ-வையும் ஈ-யையும் இணைக்கும் கோடு. சுவரின் மேல் சாய்வாகக் கிடக்கும் கோடு அது. அங்கே கீல் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மூட்டு விசைகள் அந்தக் கோட்டின் மேல், இடது கயிறும் அந்தக் கோட்டைத் தொடுகிறது. மிச்சம் இருப்பது எடையும் வலது கயிறும்தான்.

எண்களை (வெளியே, வலது, மேலே) என்ற வரிசையில் எழுதுகிறேன். எடை இருக்கும் இடம் (2, 0, 0), விசை (0, 0, −1000). இடத்தையும் விசையையும் குறுக்குப் பெருக்கல் (வெக்டர்களின் cross product) செய்தால் அ-வைச் சுற்றிய திருப்புத்திறன் கிடைக்கும்: (0, 2000, 0). வலது கயிற்றின் நீளம் 6 மீட்டர். 16, 4, 16 கூட்டினால் 36. அதன் இழுவிசை 'த' என்றால் விசை த/6 × (−4, 2, 4), செயல்படும் இடம் (4, 0, 0). குறுக்குப் பெருக்கல் த/6 × (0, −16, 8). அச்சின் திசை (0, −4, 2). அந்த அச்சைச் சுற்றிய பங்கு மட்டும் வேண்டும் என்பதால் இதோடு இரண்டையும் புள்ளிப் பெருக்கல் செய்தால், அதாவது ஒத்த இடத்து எண்களைப் பெருக்கிக் கூட்டினால், எடைக்கு −8000, கயிற்றுக்கு 80த/6. கூட்டினால் பூஜ்யம். த = 600 நியூட்டன்.

முடிந்தது. அச்சின் திசையை ஓரலகு வெக்டராக (நீளம் 1 உள்ளதாக) மாற்றக் கூட வேண்டியதில்லை. மறுபக்கம் பூஜ்யம்தானே, எந்த நீளத்தால் வகுத்தால் என்ன? இந்த ஒரு வேலையைத் தவிர்த்தாலே வர்க்கமூலப் பிழைகள் பாதி குறையும்.

இந்தப் பழக்கம் வந்துவிட்டால் தெருவில் போகும் ஆட்டோ கூட வேறு மாதிரி தெரியும். மூன்று சக்கரம், தரை தருவது மூன்று மேல்நோக்கு விசைகள். நம் ஊரில் முக்காலி என்று பெயரிலேயே எண்ணைச் சொல்லிவிட்டார்கள். மூன்று கால் எந்தத் தரையிலும் ஆடாமல் உட்காரும், ஒவ்வொரு காலின் பங்கும் சமன்பாட்டிலேயே கிடைத்துவிடும். நாற்காலியில் நான்கு அறியாதவை, அவற்றுக்கு உதவும் சமன்பாடு மூன்றுதான். ஒரு காலுக்கு அடியில் மடித்த காகிதம் வைக்கிற நிலை வருவது அதனால்.

ஓர் ஆட்டோ, ஆட்களோடு 600 கிலோ என்று வைப்போம். முன் சக்கரத்துக்கும் பின் அச்சுக்கும் 2 மீட்டர். பின் சக்கரங்களுக்கு இடையே 1.2 மீட்டர். ஈர்ப்பு மையம் பின் அச்சுக்கு 0.7 மீட்டர் முன்னால், நடுக்கோட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் வலப்பக்கம். பின் அச்சைச் சுற்றிப் பார்த்தால் முன் சக்கரத்துக்கு 210 கிலோ. மிச்சம் 390. நடுக்கோட்டைச் சுற்றிப் பார்த்தால் பின் சக்கரங்களுக்கிடையே வித்தியாசம் 100. ஆக வலதில் 245, இடதில் 145.

இப்போது முக்கியமான கேள்வி: வலப்பக்கம் கவிழும்போது ஆட்டோ எந்தக் கோட்டைச் சுற்றிக் கவிழும்? பின் சக்கரம் நடுவிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதால் 60 வரை தாங்கும் என்று நினைப்போம். ஆனால் கவிழும் கோடு முன் சக்கரத்தையும் வலது பின் சக்கரத்தையும் இணைக்கும் சாய்கோடு. ஈர்ப்பு மையம் இருக்கும் இடத்தில் அந்தக் கோடு நடுவிலிருந்து 39 சென்டிமீட்டர்தான். ஓட்டுநர் பக்கத்தில் இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு உட்காரும்போது ஈர்ப்பு மையம் முன்னே நகரும், அந்த 39 இன்னும் சுருங்கும். பிள்ளைகளை ஆட்டோவில் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் இந்த ஒரு படத்தையாவது பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கடைசியாக ஒரு பெயர்ப்பலகை. எங்கள் ஊர்க் கடை ஒன்றில் நம் கணக்கு அச்சு அசலாக மாட்டியிருந்தது. சுவரில் வளையம், அதில் கொக்கி போட்ட இரும்புக் குழாய், நுனியிலிருந்து இரண்டு கம்பிகள். குழாய்க்குக் கீழே தகரப் பலகையைப் பற்ற வைத்திருந்தார்கள். தை, மாசியில் அசையாமல் நின்றது. ஆடி வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் அடிக்கும் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும். பலகை குழாயோடு சேர்ந்து ஊஞ்சல் ஆட ஆரம்பித்தது. கடைக்காரர் மூன்றாவதாக ஒரு கம்பி இழுத்துக் கட்டினார், அதே நுனியிலிருந்து. ஆட்டம் நிற்கவில்லை. டீ குடிக்கப் போன என்னிடம், "சார், கம்பி இன்னும் தடியா போடணுமா?" என்று கேட்டார்.

கம்பியில் குறை இல்லை. சமன்பாடுகள் ஆறு, நம் தண்டில் அறியாதவை ஐந்துதான் என்று மேலே சொன்னேன் அல்லவா? அந்த ஆறாவது இங்கே வந்து நிற்கிறது. குழாயின் நடுக்கோட்டையே அச்சாக எடுத்துப் பாருங்கள். சுவர் வளையத்தின் விசை அந்தக் கோட்டில். கம்பிகள் எல்லாம் அந்தக் கோட்டின் நுனியைத் தொடுகின்றன. ஒன்றுக்கும் அந்த அச்சைச் சுற்றித் திருப்புத்திறன் இல்லை. பலகை நேர் கீழே தொங்கும்போது எடைக்கும் இல்லை, அதனால் தை மாதம் பிரச்சினை தெரியவில்லை. காற்று மட்டும் குழாய்க்குக் கீழே பலகையின் நடுவில் தள்ளுகிறது, அதற்குத் திருப்புத்திறன் உண்டு. எதிர்த்து நிற்க ஆள் இல்லை. மூன்றாவது கம்பி வந்ததும் அறியாதவை ஆறு, சமன்பாடு ஆறு, எண்ணிக்கை பொருந்திவிட்டது. ஆனாலும் பலகை ஆடுகிறது. எண்ணிப் பார்த்து மட்டும் ஒரு கட்டமைப்பை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. பத்துக் கம்பி போட்டாலும் அந்த நுனியிலிருந்தே போட்டால் இதே கதைதான்.

குழாயின் கோட்டைத் தொடாத இடத்திலிருந்து ஒரு பிடி வேண்டும். பலகையின் கீழ் மூலையிலிருந்து பக்கவாட்டில் சாய்வாகச் சுவருக்கு. கம்பி போட்டால் ஒரு பக்கக் காற்றுக்குத்தான் உதவும், மறுபக்கம் அடித்தால் தொய்ந்துவிடும். அதனால் இழுக்கவும் தள்ளவும் தெரிந்த இரும்பு ஆங்கிள். பட்டறைக்காரர் ஒன்றரை இன்ச் ஆங்கிள் ஒன்றை வெட்டி இரண்டு பக்கமும் போல்ட் போட்டார். அரை மணி நேர வேலை. இரண்டு ஆடி போய்விட்டது, பலகை அப்படியே நிற்கிறது.

இந்தக் கதையை அன்று மாலை சொன்னபோது அந்த மாணவி குச்சியின் நடுவில் ஒரு அட்டையை ஒட்டி, அறையிலிருந்த பெடஸ்டல் ஃபேனைத் திருப்பிவிட்டாள். கொட்டாங்குச்சிக்குள் பந்து உருண்டது, குச்சி சுழன்றது, அட்டை மேலே எழுந்தது. தராசுகளில் எண் பெரிதாக மாறவே இல்லை.

அப்புறம் நோட்டைத் திறந்தாள். இடது கயிற்றுக்கு எந்தக் கோடு என்று நான் சொல்லவில்லை. முதலில் தண்டை மட்டும் வரைந்தாள். கயிறுகளின் அம்புக்குறிகளை இந்த முறை தண்டிலிருந்து விலகிப் போகும்படி போட்டாள். பிறகு பென்சிலை அ-விலிருந்து இ-வரை சாய்த்து வைத்துப் பார்த்துவிட்டு எழுதினாள்: அச்சு (0, 2, 4). எடைக்கு 4000. கயிற்றுக்கு −80த/6. த = 300. பிளஸ்.